டிரிம் மீட்டர் யாரைப் பற்றிப் பேசுகிறது?

ஜொகூரின் மாசாயில் படகு வைத்திருப்பவர்களிடையே அவ்வப்போது எழும் கேள்வி இது: என்ஜினுக்கு டிரிம் மீட்டர் போடலாமா, வேண்டாமா? கோங் கோங் லாவுட், பாசிர் பூத்தே பக்கத்து ஃபைபர் படகுக்காரர்கள் இதைக் கேட்டால் சிரித்துவிட்டுத் தூண்டிலைப் பார்க்கப் போய்விடுவார்கள். போன்டூன் படகு வாங்கியவருக்கு அது முடியாது. இரண்டு அலுமினியக் குழாய்கள், அவற்றின்மேல் ஒரு தளம், சுற்றிலும் வேலி, நடுவே சோபா, தலைக்குமேல் கூரை என்று அமைந்த படகு அது. ஓட்டுகிறவர் நடுவிலோ அதற்குச் சற்று முன்னாலோ உட்கார்ந்திருப்பார். என்ஜின் அவருக்குப் பின்னால், சோபாவுக்கும் வேலிக்கும் அப்பால், கண்ணில் படாத இடத்தில் தொங்கிக்கொண்டிருக்கும். அது எந்தக் கோணத்தில் நிற்கிறது என்று தெரியாமல் ஓட்டுவது அவருக்கு ஒரு குறையாகவே படும். கடையில் போய்க் கேட்டால் வட்ட முகம் கொண்ட ஒரு மீட்டரையும் நீண்ட வயரையும் எடுத்து மேசைமேல் வைத்துவிடுவார்கள்.

அந்த மீட்டரை வாங்கிப் போடுவது தவறு என்று நான் சொல்ல வரவில்லை. பல படகுகளுக்கு அது நல்ல துணை. ஆனால் அது எதைச் சொல்கிறது என்று தெரியாமலேயே பெரும்பாலோர் போடுகிறார்கள். அது என்ஜினைப் பற்றிப் பேசும் கருவி. படகைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது. போன்டூனில் இந்த வேறுபாடு மற்றப் படகுகளைவிடப் பெரிதாக உறுத்தும்.

டிரிம் என்றால் என்ன என்பதிலிருந்து தொடங்கலாம். அவுட்போர்ட் என்ஜின் படகின் பின்பலகையில் ஒரு கீலில் தொங்குகிறது. ஹைட்ராலிக் பம்ப் உள்ள என்ஜினானால், பிடியில் இருக்கும் பொத்தானை அழுத்தியதும் அதன் கால் பகுதி உள்ளே, படகை நோக்கி வரும்; அல்லது வெளியே, பின்னோக்கிப் போகும். உள்ளே வந்தால் புரொப்பெல்லரின் தள்ளுவிசை பின்பக்கத்தைச் சற்றுத் தூக்கி, முன்முனையான அணியத்தை அழுத்தும். வெளியே போனால் பின்பக்கம் அமுங்கி அணியம் எழும். வேகமாக ஓடும்போது பயன்படும் டிரிம் வீச்சு பல என்ஜின்களில் ஏறத்தாழ 20 பாகைதான். அதற்கு மேல் போவது டில்ட். கரையில் நிறுத்தவும், டிரெய்லரில் ஏற்றவும், சேற்றிலிருந்து தப்பவும் என்ஜினை 70 பாகை வரை தூக்கிவிடலாம். டிரிம் வீச்சுக்குள் இருக்கும்வரை, குட்டையான டிரிம் தண்டுகள் இரண்டு பக்கமும் என்ஜினைத் தாங்கி நிற்கும். வீச்சைத் தாண்டினால் அவை விலகிவிடும். நடுவிலுள்ள டில்ட் உருளை ஒன்றுதான் முழுப் பாரத்தையும் சுமக்கும். அந்த நிலையில் ஆக்ஸிலேட்டரை அழுத்தக் கூடாது. இந்த எல்லைக்கோடு மீட்டர் விஷயத்தில் பிறகு முக்கியமாகப் போகிறது.

கூரிய அடிப்பகுதி கொண்ட ஃபைபர் படகில் டிரிம்மின் பலன் கண்ணுக்கே தெரியும். வேகம் பிடித்ததும் என்ஜினை மெல்ல வெளியே விட்டால் படகு நீரிலிருந்து எழுந்துகொள்ளும், நனையும் பரப்பு குறையும், அதே ஆக்ஸிலேட்டரில் வேகம் கூடும். இரட்டைக் குழாய் போன்டூனில் அப்படி எழுவதற்கு இடமில்லை. குழாய் உருண்டை, அதன் அடியில் தண்ணீர் மோதி மேலே தள்ளுவதற்குத் தட்டையான பரப்பு கிடையாது. அதனால் படகு தண்ணீரைக் கிழித்துக்கொண்டே போகும். குழாயின் பக்கவாட்டில் தூக்குப் பட்டைகள் பற்றவைத்து, நடுவில் மூன்றாவது குழாயும் சேர்த்து, 150 குதிரைத்திறனுக்கு மேலான என்ஜினையும் மாட்டினால் கதை மாறும். அந்த மூன்று குழாய்ப் படகு ஃபைபர் படகைப் போலவே மேலெழும், அங்கே டிரிம்முக்கு நிஜமான வேலை உண்டு. சாதாரண இரட்டைக் குழாய்ப் படகில் டிரிம்மின் வேலை சிறியது: முன்முனைக் கூம்புகள் அலைக்குள் புதையாமல் பார்ப்பது, ஸ்டீயரிங் ஒரு பக்கம் இழுப்பதைக் குறைப்பது, புரொப்பெல்லர் காற்றைக் குடிக்காமல் காப்பது. கடைசி வேலை இங்கே சற்றுக் கடினம். இரண்டு குழாய்களுக்கும் நடுவே வரும் நீரில் ஏற்கெனவே குமிழிகள் கலந்திருக்கும். என்ஜினைக் கொஞ்சம் அதிகமாக வெளியே விட்டாலே புரொப்பெல்லர் காற்றில் சுழன்று என்ஜின் வெறுமனே அலறும்.

போன்டூன் படகின் பிறப்பிடம் அமைதியான ஏரி. 1950களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் ஆம்புரோஸ் வீரெஸ் என்ற விவசாயி எஃகு உருளைகளை வரிசையாக இணைத்து, மேலே மரத்தளம் போட்டு இப்படிப்பட்ட படகைக் கட்டினார். ஏரியில் குடும்பத்தோடு மெல்லச் சுற்றிவரத்தான் அது. நம் ஜொகூர் நீரிணை ஏரி மாதிரித் தெரிந்தாலும் ஏரியில்லை. 1924-இல் திறக்கப்பட்ட காஸ்வே நீரிணையை நடுவில் அடைத்தது. அதனால் கிழக்குப் பாதி ஒரு பக்கம் மட்டும் வாயுள்ள பைபோல ஆகி, கடல்வெள்ளம் ஒரே வழியாக ஏறி ஒரே வழியாக வற்றுகிறது. கடல்வெள்ளம் மிகும் நாட்களில் நீர்மட்டம் ஏறத்தாழ பத்தடி ஏறி இறங்கும். இடையூறுகளும் உண்டு: 1977-இல் தொடங்கிய பாசிர் கூடாங் துறைமுகத்துக்கு வரும் கப்பல்கள் தள்ளிவிடும் அலை ஒன்று; கரையோரச் சேறு இன்னொன்று; ஓராங் செலேத்தார் பழங்குடியினரின் கம்பங்களின் அருகே கூப்பாங் சிப்பி வளர்க்கக் கட்டிய மிதவைகளும் கயிறுகளும் மூன்றாவது. ஏரிக்குப் பிறந்த படகைக் கொண்டுவந்து இதில் ஓட்டுகிறவருக்கு, அணியம் எப்போது தாழும் என்ற கவலை ஏரிக்காரரைவிட அதிகம் இருப்பது நியாயம்தான்.

இப்போது மீட்டருக்குள் போவோம். என்ஜின் கீலின் பக்கத்தில், நகராத பாகத்தில் ஒரு சிறிய சென்சார் திருகப்பட்டிருக்கும். என்ஜின் ஏறி இறங்கும்போது நகரும் பாகத்தின் ஒரு முனை அந்தச் சென்சாரின் கையைத் தள்ளும். கை திரும்பினால் உள்ளேயிருக்கும் மின்தடை கூடும் அல்லது குறையும். அந்த மாற்றத்தைத்தான் முன்னாலிருக்கும் மீட்டர் முள்ளாகவோ கோடுகளாகவோ காட்டுகிறது. அவ்வளவுதான் அதன் அறிவு. பின்பலகையைப் பொறுத்து என்ஜின் எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்று சொல்லும். தண்ணீரைப் பொறுத்து என்று சொல்லாது. பின்பலகை தண்ணீரைப் பொறுத்து எப்படி நிற்கிறது என்று அதற்கு அறியும் வழியே இல்லை.

இது சாதாரண வேறுபாடுபோலத் தோன்றும். ஒரு தோராயக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 22 அடி நீளம், ஒவ்வொன்றும் 25 அங்குல விட்டம் கொண்ட இரண்டு குழாய்கள், பாதி மூழ்கிய நிலை. பின் சோபாவில் உட்கார்ந்திருந்த நான்கு பேர், ஆளுக்கு 70 கிலோ என்று வைத்துக்கொள்வோம், பத்தடி முன்னே போய் நிற்கிறார்கள். நிற்கும் படகில் அது மட்டுமே அணியத்தை ஏறத்தாழ ஒன்றரைப் பாகை தாழ்த்திவிடும். படகின் முன்முனைக்கும் பின்முனைக்கும் இடையே சுமார் 17 செ.மீ. உயர வேறுபாடு அது. டிரிம் வீச்சு 20 பாகை, அதை மீட்டர் பத்துப் பிரிவாகக் காட்டுகிறது என்றால், ஒரு பிரிவுக்கு இரண்டு பாகை. ஆட்கள் எழுந்து நடந்ததிலேயே ஏறக்குறைய முக்கால் பிரிவு போய்விட்டது. முள் மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கும்.

கணக்கை இன்னும் ஒரு படி நீட்டலாம். 115 குதிரைத்திறன் என்ஜின் மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் தள்ளும்போது, என்ஜினை 5 பாகை வெளியே விட்டால் பின்முனையில் கீழ்நோக்கி விழும் கூடுதல் விசை ஏறத்தாழ 40 கிலோ எடைக்குச் சமம். அந்த நான்கு பேர் முன்னே நடந்ததால் ஏற்பட்ட சுழற்சிப் பாரத்தோடு ஒப்பிட்டால் இது ஆறில் ஒரு பங்கு. ஓடும் படகில் தண்ணீரின் தூக்குவிசையும் சேர்வதால் கணக்கு இவ்வளவு சுத்தமாக இருக்காது. விகிதத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். இரட்டைக் குழாய்ப் போன்டூனில் படகின் சாய்வை முதலில் தீர்மானிப்பது ஆட்கள் உட்காரும் இடம். பொத்தான் அதற்குப் பின்னால்தான் வருகிறது. படகு முழுக்க உறவினர்களை ஏற்றி, பிள்ளைகள் முன்வேலியைப் பிடித்துக்கொண்டு நிற்க, டிரிம் மீட்டரில் முள் சரியான இடத்தில் இருக்கிறது என்று நிம்மதியாக இருப்பவர் உண்மையில் எதையும் சரிபார்க்கவில்லை. போன்டூன் விபத்துகளில் கவலைக்குரியது அணியம் அலைக்குள் மூழ்கித் தளத்தின்மேல் தண்ணீர் ஏறுவதுதான். அதைத் தடுக்க முதலில் செய்ய வேண்டியது ஆட்களைப் பின்னால் வரச்சொல்வதும் வேகத்தைக் குறைப்பதும். மீட்டரின் முகத்தில் அந்த எச்சரிக்கை எழுதியிருப்பதில்லை.

அப்படியானால் மீட்டர் எதற்கு என்று கேட்கலாம். அதன் நல்ல பக்கத்தைக் குறைத்துச் சொல்வது அநியாயமாகிவிடும்.

முதலில் வற்றுப் பொழுது. மாசாய் ஆற்று வாய்க்கருகிலும் ஜொகூர் ஆற்றின் கிளைகளிலும் வெள்ளம் வற்றும்போது சேறு மேலே வந்துவிடும். அப்போது எல்லாரும் செய்வது என்ஜினைத் தூக்கி, மெதுவாக ஊர்ந்து வெளியேறுவது. இங்கேதான் முன்பு சொன்ன எல்லைக்கோடு வருகிறது. எவ்வளவு தூக்கியாயிற்று? டிரிம் தண்டுகள் இன்னும் தாங்கிக்கொண்டிருக்கின்றனவா, அல்லது டில்ட் உருளை மட்டும் தொங்கவிட்டிருக்கிறதா? என்ஜினின் கால் பகுதியில் இருக்கும் தண்ணீர் உறிஞ்சும் துளைகள் நீருக்குள் இருக்கின்றனவா? அவை வெளியே வந்துவிட்டால் குளிரூட்டும் தண்ணீர் நின்று, பம்புக்குள் இருக்கும் ரப்பர் விசிறி சில நிமிடங்களில் வீணாகிவிடும். ஃபைபர் படகில் பின்னால் நின்று கைப்பிடியைப் பிடித்து ஓட்டுகிறவர் குனிந்து பார்த்துக்கொள்வார். என்ஜினிலிருந்து பீச்சும் மெல்லிய தண்ணீர்க் கோடு அவர் கண்ணெதிரே இருக்கும். போன்டூனில் ஓட்டுகிறவருக்கு இரண்டும் தெரியாது. மீட்டரில் டிரிம் பகுதியும் டில்ட் பகுதியும் தனித்தனியாகக் குறிக்கப்பட்டிருந்தால், அந்த நேரத்தில் அது அவருக்குக் கண் தருகிறது. என்னளவில் மீட்டருக்கு ஆதரவான மிக உறுதியான வாதம் இதுதான். வேகத்தைப் பற்றிய வாதங்களைவிட இந்த வாதமே எடை கூடியது.

இரண்டாவது, புறப்படும் நேரம். நிற்கும் படகு வேகம் பிடிக்க வேண்டுமானால் என்ஜின் முழுவதும் உள்ளே இருக்க வேண்டும். முந்தின நாள் யாரோ பாதி தூக்கி வைத்துவிட்டுப் போயிருப்பார்கள். அதை அறியாமல் ஆக்ஸிலேட்டரை அழுத்தினால் அணியம் வானத்தைப் பார்க்கும், புரொப்பெல்லர் காற்றைக் கிழிக்கும். பொத்தானைக் கொஞ்சநேரம் கீழ்நோக்கி அழுத்திப் பிடித்து, பம்பின் முனகல் மாறும் ஒலியைக் கேட்டாலே என்ஜின் அடிமட்டத்துக்கு வந்துவிட்டதென்று தெரிந்துகொள்ளலாம் என்பது உண்மை. ஆனால் அது அனுபவசாலிக்கு. நான்கு நண்பர்கள் சேர்ந்து வாங்கி மாறி மாறி ஓட்டும் படகில் மீட்டர் எல்லாருக்கும் பொதுவான ஒரு மொழியாகிவிடுகிறது. மூன்றாவது பிரிவுக்கு மேல் போகாதே என்று ஒருவர் மற்றவரிடம் சொல்லிவிட்டுப் போகலாம். காதாலும் கையாலும் அறிந்ததை இப்படிச் சொல்லித்தர முடியாது.

பின்தளத்தில் ஏணியும் வேலியும் இருக்கும் போன்டூனில், என்ஜினை முழுதும் தூக்கும்போது அதன் மூடி வேலியில் இடிக்காமல் இருக்கவும் மீட்டர் உதவும்.

மீட்டரை ஏளனம் செய்கிற பக்கத்தையும் பார்க்க வேண்டும். ஏனெனில் அவர்களிடம் இருக்கும் அறிவு குறைந்ததன்று. இந்த நீரிணையில் மீன்பிடிக்கும் சம்பான்களில் பல, கையால் தூக்கும் யமஹா எண்டூரோ மாதிரியான இரண்டு ஸ்ட்ரோக் என்ஜின்களில்தான் ஓடுகின்றன. அவற்றில் ஹைட்ராலிக் கிடையாது. பின்பலகைப் பிடியில் வரிசையாகச் சில துளைகள், அவற்றில் ஒன்றில் ஒரு முளை. முளையை எந்தத் துளையில் போடுகிறார்களோ அதுதான் அன்றைய டிரிம். ஓடும்போது மாற்ற முடியாது, மாற்ற வேண்டிய தேவையும் அதிகம் இல்லை. தமிழ்நாட்டுக் கடற்கரையில் 2004 சுனாமிக்குப் பிறகு கட்டுமரங்களின் இடத்தைப் பெருமளவு பிடித்துக்கொண்ட ஃபைபர் வள்ளங்களில் இன்னும் சுவையான நிலை. அங்கே லொம்பார்டினி டீசல் என்ஜின் படகின்மேல் உட்கார்ந்திருக்கும். அதிலிருந்து நீண்ட தண்டு பின்னால் தண்ணீருக்குள் போகும். அந்தத் தண்டை எவ்வளவு தாழ்த்துவது, மணல் திட்டு வந்தால் எப்போது தூக்குவது என்பதெல்லாம் ஓட்டுகிறவரின் கைப் பிடியில் இருக்கிறது. கரைக்கு வரும் அலையில் புரொப்பெல்லரை எப்படித் தூக்குவது என்ற பிரச்சினையே பெரிதாக இருந்ததால், 1979-இல் சென்னையை மையமாகக் கொண்டு தொடங்கிய வங்காள விரிகுடாத் திட்டம் கரையேறும் படகுகளுக்குத் தூக்கக்கூடிய என்ஜின் அமைப்புகளைப் பல வகையில் சோதித்தது. இந்தப் பாரம்பரியத்தில் வந்தவருக்கு மீட்டர் விளையாட்டுச் சாமான்போலத் தோன்றினால் அதில் வியப்பில்லை.

ஆனால் அந்த ஏளனம் போன்டூனுக்குப் பொருந்துவதில்லை. கைப்பிடி பிடித்தவர் என்ஜினைத் தொட்டுக்கொண்டே ஓட்டுகிறார். அதன் நடுக்கமும் இழுப்பும் நேராக முழங்கைக்கு வந்துவிடும். போன்டூனில் என்ஜினுக்கும் ஓட்டுகிறவருக்கும் நடுவே பத்தடிக்கு மேல் தளமும், கேபிள் அல்லது ஹைட்ராலிக் ஸ்டீயரிங்கும், பேசிச் சிரிக்கும் பயணிகளும் இருக்கிறார்கள். கைக்கு வர வேண்டிய செய்தி வழியிலேயே தேய்ந்துவிடுகிறது. மீட்டர் அந்த இழப்பில் ஒரு பகுதியைத் திருப்பித் தர முயல்கிறது. முழுதும் தருவதில்லை என்பதுதான் குறை.

இனிப் பொருத்தும் விதம். இந்த வழக்கத்தின் உண்மையான பலவீனங்கள் இங்கேதான் அதிகம். கருவியைக் குறை சொல்வதைவிட அதை மாட்டுகிற கையைக் குறை சொல்வது பொருத்தம். மீட்டரை அதன் முகம் பார்த்து வாங்குகிறார்கள், சென்சாரைப் பார்ப்பதில்லை. மீட்டர் உலகில் மின்தடை கணக்கு ஒரே மாதிரி இல்லை. 240 ஓமிலிருந்து 33 ஓம் வரை குறையும் அமெரிக்க வழக்கு ஒன்று. 10 ஓமிலிருந்து 180 ஓம் வரை கூடும் ஐரோப்பிய வழக்கு இன்னொன்று. டிரிம் சென்சார்களில் இதற்கும் மேலே மெர்க்குரி, யமஹா, சுசுகி, ஹோண்டா என்று கம்பெனிக்குக் கம்பெனி தனிக்கணக்கு. ஒரு கம்பெனி என்ஜினில் இருக்கும் சென்சாருக்கு வேறு கம்பெனிக்கான மீட்டரைப் போட்டால் முள் பாதி வழியிலேயே நின்றுவிடும். சில நேரம் என்ஜின் மேலே போக, முள் கீழே வரும். தலைகீழாக இருந்தாலும் பழகிக்கொள்ளலாம் என்று விட்டுவிடுகிறவர்கள் உண்டு. வற்றுப் பொழுதில் பதற்றத்தோடு மீட்டரைப் பார்க்கும் வேறொருவருக்கு அது என்ன செய்யும் என்று யாரும் யோசிப்பதில்லை. ஜான்சன், எவின்ரூட் மாதிரிப் பழைய என்ஜின்களில் சென்சார் உதிரிப்பாகமே தேடியலைய வேண்டிய பொருளாகிவிட்டது. 2020-இல் எவின்ரூட் உற்பத்தி நிறுத்தப்பட்ட பிறகு இது இன்னும் சிக்கல்.

வயர் அடுத்த கதை. கடல் மின்சார வேலைக்கென்று அமெரிக்கப் படகுத்துறையில் ஒரு நிற வழக்கு இருக்கிறது: சாவி திருப்பினால் வரும் மின்சாரம் ஊதா, டிரிம் சென்சார் வெள்ளைக் கோடு போட்ட பழுப்பு, விளக்கு கடும் நீலம், எர்த் கறுப்பு. பல என்ஜின் வயர்க்கட்டுகளில் இந்த நிறங்கள் ஏற்கெனவே முன்னால் வரை வந்து சுருட்டி வைக்கப்பட்டிருக்கும். அப்படியிருந்தால் மீட்டர் பொருத்துவது அரை மணி நேர வேலை. அது இல்லாத படகில் புது வயர் இழுக்க வேண்டும். அப்போது வீட்டு வயரையும் ரப்பர் டேப்பையும் பயன்படுத்துவதுதான் இங்கு மிக அதிகமாகப் பார்க்கும் குற்றம். வெள்ளீயம் பூசாத செம்பு உப்புக்காற்றில் சில மாதங்களிலேயே பச்சை பூத்துவிடும். அந்தப் பச்சை ஒரு மின்தடை. மீட்டரும் மின்தடையைத்தானே அளக்கிறது? அந்தப் பச்சையின் மின்தடையையும் சேர்த்து என்ஜினின் கோணமாகக் காட்டிவிடும். முழுவதும் செத்துப்போன மீட்டரைவிட இப்படிச் சிறிது சிறிதாகப் பொய் சொல்லத் தொடங்கும் மீட்டர் மோசமானது. முள் அசைந்துகொண்டே இருப்பதால் யாருக்கும் சந்தேகம் வராது.

சென்சார் இருக்கும் இடமும் கொடுமை. அலையும் உப்பும் நேராக அடிக்கும் இடம். என்ஜின் ஏறி இறங்கும் ஒவ்வொரு முறையும் அதன் வயர் வளைந்து நிமிரும். வெளியே பார்க்க நன்றாக இருந்தாலும் உள்ளேயிருக்கும் கம்பி அறுந்துவிடும். மீட்டர் வேலை செய்யவில்லை என்று வரும் புகார்களில் மீட்டரை மாற்றிப் பயன் கிடைப்பது குறைவு. பெரும்பாலும் பழுது பின்னாலிருக்கும் சென்சாரிலோ அதன் வயரிலோதான். முன்னாலிருக்கும் பொருளை முதலில் மாற்றுவது மனித இயல்பு. அதில்தான் காசு வீணாகிறது.

மீட்டர் பொருத்தவே தேவையில்லாத இடங்களும் உண்டு. கெனிர் ஏரியிலும் தெமெங்கோர் ஏரியிலும் உலோகக் குழாய்களின்மேல் தளம் போட்ட படகுவீடுகளில் தூங்கித் தூண்டில் போடப் போகிறவர்கள் ஜொகூரிலிருந்தும் நிறைய. அந்தப் படகுவீடுகள் நடைவேகத்தைவிடச் சற்றுக் கூடுதலாகத்தான் ஓடும். அந்த வேகத்தில் டிரிம் அணியத்தை அசைப்பதில்லை. அதேபோல 40 குதிரைத்திறனுக்குக் கீழான என்ஜினோடு சிப்பி மிதவைகளுக்கிடையே மெல்ல ஊரும் சிறு போன்டூனிலும் அந்தக் காசை ஒரு நல்ல நங்கூரக் கயிற்றுக்குச் செலவிடலாம்.

புதிய என்ஜின் வாங்குகிறவர்களுக்குக் கேள்வியே மாறிவிட்டது. என்ஜினிலிருந்து ஒரே டிஜிட்டல் வயரில் சுழற்சி, வெப்பம், எரிபொருள், டிரிம் எல்லாம் முன்னாலுள்ள திரைக்கு வந்துவிடுகிறது. தனி மீட்டர் தேவையில்லை. 2015-இல் மெர்க்குரி இன்னும் ஒரு படி போய், என்ஜினே தன் டிரிம்மை மாற்றிக்கொள்ளும் அமைப்பைக் கொண்டுவந்தது. அந்த அமைப்பு எதைப் பார்த்து முடிவெடுக்கிறது என்பதுதான் இந்தக் கட்டுரைக்குப் பொருத்தம். ஜிபிஎஸ் தரும் படகின் வேகத்தையும் என்ஜினின் சுழற்சியையும் பார்த்துத்தான் அது கோணத்தை அமைக்கிறது. எந்தக் கோணத்தில் நிற்கிறோம் என்று அறிய டிரிம் சென்சார் அதற்கும் வேண்டும். ஆனால் அந்தக் கோணம் சரியா என்று சென்சாரிடம் அது கேட்பதில்லை. கையால் டிரிம் செய்கிறவரும் அதே வழியில்தான் போக வேண்டும்: சுழற்சியை மாற்றாமல் என்ஜினைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே விட்டு, ஜிபிஎஸ் வேகம் கூடுவது நிற்கும் இடத்தைக் கண்டுபிடித்து, சற்று உள்ளே இழுத்துக்கொள்வது. அந்த இடத்தைக் கண்டுபிடிக்க மீட்டர் உதவாது. கண்டுபிடித்த இடத்தை நினைவில் வைத்துக்கொள்ளத்தான் உதவும்.

ஆகவே டாக்கோமீட்டரும் ஜிபிஎஸ்ஸும் இல்லாத போன்டூனில் டிரிம் மீட்டரை முதலில் வாங்குவது வரிசை தவறிய செலவு. அவை இரண்டும் இருந்து, ஹைட்ராலிக் டிரிம் கொண்ட 60 குதிரைத்திறனுக்கு மேலான என்ஜினும், ஓட்டுகிறவர் கண்ணுக்கு என்ஜின் தெரியாத அமைப்பும் இருந்தால், நான் தயங்காமல் போடச் சொல்வேன். போடுகிறவர் ஒரு நாள் ஜெட்டியில் கட்டிவைத்தே முதல் வேலையைச் செய்யலாம். என்ஜினை முழுக்க உள்ளே இறக்கி, சென்சாரின் திருகுகளைத் தளர்த்தி, முள் அடிக்கோட்டில் நிற்கும்வரை சென்சாரைத் திருப்பி இறுக்க வேண்டும். பிறகு தூக்கிக்கொண்டே போய், டிரிம் தண்டுகள் என்ஜினை விட்டு விலகும் இடத்தில் நிறுத்தி, முள் நிற்கும் இடத்தை மீட்டர் கண்ணாடிமேல் அழியாத பேனாவால் கோடிட வேண்டும். தண்ணீர் உறிஞ்சும் துளைகள் நீர்மட்டத்துக்கு வரும் இடத்துக்கு இன்னொரு கோடு. இரண்டாவது கோடு ஆட்கள் உட்காரும் இடத்துக்கேற்ப மாறும். அதனால் வழக்கமாக ஏற்றும் பாரத்தோடு, பின் சோபா நிறைந்திருக்கும்போது ஒரு முறை, எல்லாரும் முன்னே போன பிறகு ஒரு முறை போட்டுப் பார்த்து, இரண்டில் தாழ்ந்த கோட்டையே வைத்துக்கொள்வது நல்லது. ஆண்டுக்கு ஒரு முறை, வடகிழக்குப் பருவமழை தொடங்குமுன், சென்சார் இணைப்பைக் கழற்றிப் பச்சை பூத்திருக்கிறதா என்று பார்த்து, என்ஜினை முழுக்க இறக்கி, முள் இன்னும் அந்த அடிக்கோட்டுக்கே வருகிறதா என்று சரிபார்க்க வேண்டும். வராவிட்டால் புது மீட்டர் வாங்கக் கடைக்குப் போகவேண்டாம். பின்னால் போய் வயரைத் தொட்டுப் பார்க்கவும்.